அம்மாவின் அடக்கத்துக்கு ஒரு படம்

1

சிரித்த குற்றத்துக்காக இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு கணினி என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பியது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை விட்டால் அதையே ஒரு செய்தியாகப் பேசிக்கொள்கிற சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறோம். நான், கணவர் ஸ்டான்லி, பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மகள் ஷெரின். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் வீட்டிலேயே படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிடலாம். சமையலறைக் கதவு வெள்ளை நிறம் என்பதால் அதன் முன்னால் என்னை நிறுத்தி ஸ்டான்லி போனில் எடுத்தார். ஏற்றினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. வாய் மூடியிருக்க வேண்டுமாம். பல் தெரியக் கூடாதாம். முகம் சாதாரணமாக இருக்க வேண்டுமாம்.

என் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. மேல்வரிசைப் பல் கொஞ்சம் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். என் அம்மா ஞானப்பூவுக்கும் அப்படித்தான். இரண்டாவது முறை உதட்டை இறுக்கி மூடினேன். ஆனால் போனுக்குப் பின்னால் அதே மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்ற ஸ்டான்லியைப் பார்த்துவிட்டேன். கன்னம் தானாக மேலேறியது. மறுபடியும் சிவப்பு.

ஸ்டான்லிக்கு மார்த்தாண்டம் பக்கம். யோசித்து ஒரு வழி சொன்னார். "எனக்க அம்மை இஞ்ச வந்து ஆறு மாசம் நிக்கப் போறாண்ணு நெனச்சுக்கிட்டு கேமராவப் பாரு."

கணினி உடனே ஏற்றுக்கொண்டது. இனி எந்த நாட்டு எல்லையைத் தாண்டினாலும் அந்த முகத்தோடுதான் தாண்ட வேண்டும்.

எனக்கு மனம் ஆறவில்லை. நான் சிரிக்கிற படம் ஒன்றையாவது பார்த்து ஆறுதல் தேடலாமென்று போனைத் தோண்டினேன். ஷெரினின் பிறந்தநாள்கள் இருந்தன. தூண்டிலில் மாட்டிய மீனோடு ஸ்டான்லி இருந்தார். மழை இருந்தது. மீன்குழம்பு இருந்தது. நான் எங்குமே இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவள் நான்தானே. ஒரே ஒரு படத்தில் என் கட்டைவிரல் மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில், பழைய கேமரா விற்கும் கடைக்குள் என்னை அறியாமல் நுழைந்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. தெரிந்தேதான் நுழைந்தேன். கடைக்காரர் ஒரு கேமராவைக் கையில் கொடுத்து, என்ன மாதிரிப் படங்கள் எடுப்பீர்கள் என்று கேட்டார்.

"விலா எலும்பு தவிர எல்லாம்" என்றேன். அவர் கேமராவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

2

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அந்த வேலைக்கு நான் வந்ததே படம் எடுக்கிற ஆசையால்தான்.

நான் பள்ளி முடித்த வருடம் மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கேமராவை, நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊரான கொட்டாரத்தில், எங்கள் வீட்டு மேசைமேல் வைத்தார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. எனவே எனக்கு என்று நான் முடிவுசெய்தேன். ஒரு வாரம் தலைகால் தெரியவில்லை எனக்கு. மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் மின்கம்பம் தலைகீழாகத் தெரிவதை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புக் குவியலை எடுத்தேன். கொடியில் காற்று புகுந்து வயிறு உப்பி நின்ற தம்பி எட்வினின் பனியனை எடுத்தேன். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் கண்ணை வைத்தால் ஊர் புதிதாக இருந்தது. எனக்குள் இருந்த ஏதோ ஒன்றைச் சொல்வதற்கு முதல்முறையாக வாய் கிடைத்த மாதிரி இருந்தது.

கழுவி வந்த படங்களை அப்பா ஒவ்வொன்றாகப் புரட்டினார். மின்கம்பம். செருப்பு. பனியன்.

"ஆளு எங்க?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடினார். படத்தைத் திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு இரண்டு நாள் யோசித்து எனக்கு ஒரு வழி சொன்னார். "படம் எடுக்கத்தான ஆசை? எக்ஸ்ரே படிக்கப் போ மக்கா. அதுவும் படந்தான். வேலையும் கிட்டும். அதுல ஆளு உள்ளுக்குள்ள வரைக்கும் இருப்பான்."

போனேன். நாகர்கோவில், சென்னை, ரியாத், பிறகு இங்கே. சென்னையில் என் பேச்சைக் கேட்டவர்கள் நீங்கள் மலையாளியா என்றார்கள். இங்கே நான் ஆங்கிலம் பேசுவதைக் கேட்கும் கிழவர்கள், கை ஒடிந்த வலியிலும், நீ வேல்ஸ்காரியா என்கிறார்கள். கொட்டாரத்து இழுவையை எந்த மொழியில் கலந்தாலும் அது அக்கம்பக்கத்து ஊர்ப் பெயரைத்தான் வாங்கித் தருகிறது.

இங்கே சேர்ந்த முதல் வாரத்தில் நான் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து எங்கள் துறைத் தலைவர் "கிராண்ட்" என்றார். எனக்கு நிலைகொள்ளவில்லை. கல்யாணம் கிராண்டாக நடந்தது என்று ஊரில் சொன்னால் பந்தல், பேண்டு, மூன்று வகைப் பாயசம் என்று பொருள். அம்மாவுக்குப் போன் போட்டு, என் எக்ஸ்ரே கிராண்டா இருக்குண்ணு பெரியவர் சொன்னாவ என்று பீற்றிக்கொண்டேன். அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் அதே மனிதர் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு கிராண்ட் என்றார். பஸ் தாமதமா, கிராண்ட். காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால், கிராண்ட். உடன் வேலை பார்க்கும் நோராதான் விளக்கினாள். இங்கே அந்தச் சொல்லுக்கு, பரவாயில்லை, குறை ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தமாம்.

அடடா, நம்ம ஊர் 'கொள்ளாம்'!

எங்கள் பக்கத்தில் மீன்கறிக்கும் கொள்ளாம், மணப்பெண்ணுக்கும் கொள்ளாம், ஆயர் பிரசங்கத்துக்கும் கொள்ளாம். அதற்கு மேலே பாராட்டு என்று ஒரு சரக்கே கிடையாது. அந்த ஒரு சொல்லை என் படங்களுக்கு அப்பா சொல்லவில்லை. பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். நானும் இத்தனை வருடமாக "மூச்சை இழுத்துப் பிடியுங்கள், அசையாதீர்கள், இப்போது விடுங்கள்" என்று ஒரு நாளில் நூறு தடவை சொல்லி, சிரிக்கவே சிரிக்காதவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

3

பழைய கேமரா வந்ததும் வீட்டில் ஒழுங்காகச் சோறு வேகவில்லை. அரிசியைப் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியில் நீராவி படிவதை எடுக்கப் போய்விடுவேன். பஸ் நிறுத்தத்தில் குடையும் குடையும் முட்டிக்கொள்வதை எடுத்தேன். மழையில் மறந்துபோய்க் கொடியிலேயே தொங்கிய ஷெரினின் சட்டையை எடுத்தேன். சேறு அப்பிய ஆடு ஒன்று வேலி வழியாக என்னை முறைத்தது. மண்டி போட்டு எடுத்தேன். ஐம்பதை எட்டப் போகிற பொம்பளை, வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு ஈரப் புல்லில் மண்டி போட்டால் கார்கள் நின்று நலம் விசாரிக்கின்றன. கிராண்ட், கிராண்ட் என்று கையாட்டி அனுப்பினேன்.

ஷெரினுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவளுக்கு நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சின்ன வயதில் இரண்டையும் கலந்தாள், பிறகு தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் காதோடு நின்றுவிட்டது. "என் பிரெண்ட்ஸ் இருக்கும்போது மட்டும் ஆட்டை எடுக்காதே" என்றாள், ஆங்கிலத்தில். சரி என்றேன், தமிழில்.

படங்களை எட்வினின் போனுக்கு அனுப்பினேன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். அவன் வாழைக்குலை வியாபாரி, அவன் போனில் குலைகளின் படம் தவிர வேறெதுவும் இருக்காது. இரண்டு நாள் கழித்து அவன் போனிலிருந்து அம்மாவின் குரல் பதிவாகி வந்தது.

"ஏட்டி ஜெசி, படம் எல்லாம் வந்துது. ஆளு எங்க? உங்க ஊருல ஆளே இல்லியா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உடனே கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆட்டையும் மாட்டையும் எடுத்தது போரும். எனக்கு அடக்கத்துக்கு ஒரு படம் வேணும். நீ வந்து எடு."

"எம்மா, இது என்ன பேச்சு? உடம்புக்கு என்ன செய்யுது?"

"உடம்புக்கு ஒரு எளவும் இல்ல. சுகமாட்டு இருக்கும்பதான எடுக்கணும்? கெடையில கெடக்கும்ப எடுத்தா முகம் கொள்ளாதுல்லா."

அம்மாவின் பயம் என்னவென்று அப்புறம்தான் விளங்கியது. பக்கத்து வீட்டு தாசையா மாமா இறந்துபோனார். எங்கள் ஊரில் ஆள் போன அடுத்த மணிநேரத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய பிளக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டிவிடுவார்கள். அடக்கத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். தாசையா மாமாவிடம் தனிப்படம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"தோளுல ஒரு கை கெடக்குட்டி. யாருக்க கையிண்ணு ஒருத்தருக்கும் தெரியல. சர்ச்சு உபதேசியாரு பாத்துட்டு, அது கர்த்தருக்க கைண்ணு நெனச்சுக்குங்கண்ணு சொல்லிட்டாரு. கர்த்தரு மஞ்சக்கல்லு மோதரம் போடுவாராட்டி?"

நான் சிரித்த சிரிப்பில் ஷெரின் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"உங்கப்பனுக்கு ஓட்டுக் கார்டுல உள்ள படத்தப் போட்டானுவ. கள்ளன் மாதிரி இருந்தாரு. அந்த மனுசன் ஒரு நாளும் அப்பிடி முழிச்சது இல்ல. அவரைத் தெரியாதவன் எல்லாம் அந்த முழியப் பாத்துட்டுத்தான் போனான். எனக்கு அப்பிடி ஆவக்கூடாது, கேட்டியா?"

கேட்டேன். வழக்கமாக மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போவோம். இந்த முறை கணக்குப் பார்க்காமல் ஜூலையில் நானும் ஷெரினும் கிளம்பினோம். ஸ்டான்லிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "மாமிய நல்லா எடுத்துக் குடு. எனக்க அம்மைக்கிட்ட மட்டும் சொல்லாத. அவளும் கேப்பா" என்று வழியனுப்பினார்.

4

படம் எடுக்கும் நாளன்று அம்மா விடியற்காலையிலேயே குளித்துவிட்டாள். போன கிறிஸ்மசுக்கு எடுத்த வெங்காயக் கலர் சேலை. தலையில் தேங்காயெண்ணெய் தேய்த்து வாரியதில் நெற்றி பளபளத்தது. துடைக்கச் சொன்னேன். துடைத்துவிட்டு பவுடர் போட்டாள். அதையும் துடைக்கச் சொன்னேன். "படம் எடுக்க வந்தியா, என்னைத் தேச்சுக் கழுவ வந்தியா?" என்றாள்.

எங்கள் ஊர் வீடுகளில் முன்வராந்தாவை சிட்டவுட் என்போம். சாரல் பெய்து ஓய்ந்து அங்கே நல்ல வெளிச்சம் விழுந்திருந்தது. சுவரில் ஒரு விரிப்பைக் கட்டி, முன்னால் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். படிக்கட்டில் எட்வின் குலைக்கணக்குப் பேசிக்கொண்டிருந்தான். தூணில் சாய்ந்து ஷெரின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமராவைத் தூக்கியதும் என் அம்மா காணாமல் போனாள். கண் விரிந்தது, தாடை இறங்கியது, தோள் காதுவரை ஏறியது. எடுத்தேன். பார்த்தேன். பாஸ்போர்ட் கணினிக்குக் காட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அப்படி ஒரு முகம்.

"எம்மா, சாதாரணமாட்டு இரு."

"சாதாரணமாட்டுத்தான் இருக்கேன்" என்றாள், உதட்டை அசைக்காமல்.

பேச்சுக் கொடுத்தேன். மீன்காரி வந்தாளா, மழை எப்படி, லீலா மாமிக்கு முட்டுவலி தேவலையா. எல்லாவற்றுக்கும் கேமராவைப் பார்த்தே, சாட்சிக்கூண்டில் நிற்பவள் மாதிரி பதில் சொன்னாள். எடுத்த படத்தையெல்லாம் வாங்கிப் பார்த்தாள், ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. "உங்கப்பன் மாதிரியேதான் முழிக்கேன்" என்றாள் மெதுவாக.

கடல் கடந்து வந்து, இந்த ஒரு படத்தைக்கூட என்னால் எடுத்துக் கொடுக்க முடியாதா? பதற்றத்தில் இத்தனை வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"மூச்சை இழுத்துப் பிடி எம்மா. அசையாத."

அம்மா அதை முழுமனதோடு செய்தாள். நெஞ்சு ஏறியது, கன்னம் இரண்டும் உப்பியது. நான் பொத்தானை அழுத்தினேன். கேமரா எடுக்கவில்லை. ஏசி அறையிலிருந்து எடுத்து அப்போதுதான் மாற்றி மாட்டிய லென்ஸில் ஈரக்காற்று பட்டு ஆவி படிந்திருந்தது. கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் போய்த் தேடியது. முந்தானையால் துடைத்து மறுபடி அழுத்தினேன். கிர்ர். அம்மாவின் முகம் சிவந்துகொண்டு வந்தது.

"சவம்! எடுக்க மாட்டேங்கு" என்றேன்.

நாஞ்சில் நாட்டுக்காரர் அல்லாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். எங்கள் ஊரில் சவம் என்பது பிணம் மட்டுமில்லை. கதவு திறக்காவிட்டால் சவம். பஸ் நிற்காமல் போனால் சவம். செல்லமாக ஒருத்தியைத் திட்ட வேண்டுமென்றால் சவமே. அயர்லாந்தில் இத்தனை வருடம் இருந்து, எரிச்சல் வந்தாலும் ஆங்கிலத்திலேயே எரிச்சல்படப் பழகியிருந்தேன். அந்தச் சொல் எங்கே போயிருந்ததோ, சிட்டவுட்டில் கால் வைத்ததும் செருப்பு மாதிரி தானாக மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்ட நேரம்தான் சரியில்லை.

அடக்கப் படத்துக்காக மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்த என் அம்மா அதை ஒரே புஸ்ஸென்று விட்டாள்.

"ஏட்டி! படம் எடுக்குததுக்கு முன்னாலயே சவம்ங்கியா? இன்னும் ஆவலட்டி, கொஞ்சம் பொறு!"

எட்வின் கையிலிருந்த போனைக் கீழே போட்டான். அம்மாவுக்குத் தான் சொன்னது ஒரு நொடி கழித்துத்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். பிறகு சிரித்தாள் பாருங்கள்! கண் இரண்டும் மூடிப்போய், ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையால் நாற்காலியை அடித்து, மேல்வரிசைப் பல் அத்தனையும் வெளியே வர, கொட்டாரம் ஜங்ஷன்வரை கேட்கும்படி சிரித்தாள். லென்ஸில் ஆவி எப்போது கலைந்ததென்று தெரியாது. என் விரல் அழுத்தியிருந்தது. எடுத்தாகிவிட்டது.

5

"வாட்ஸ் சவம்?" என்று கேட்டாள் ஷெரின். சொன்னேன். "கேமராவை யாராவது பிணம் என்று திட்டுவார்களா?" கேமராவை, பஸ்ஸை, உன்னையும்கூட என்றேன். அவள் முகத்தில், தன் குடும்பத்தைப் பற்றி முதல்முறையாக ஒரு நல்ல செய்தி கேட்டவளின் சந்தோஷம் தெரிந்தது.

எட்வின்தான் தடை சொன்னான். "படம் ஜோராட்டு இருக்கு. ஆனா எக்கா, கீழ கண்ணீர் அஞ்சலிண்ணு எழுதிட்டு, மேல இப்பிடிப் பல்லைக் காட்டிட்டு இருந்தா ஆளுவ என்ன சொல்லும்? கொஞ்சம் அடக்கமாட்டு ஒண்ணு எடு."

அம்மா கேமராவை வாங்கினாள். கண்ணாடியை மேலேற்றி, அந்தச் சின்னத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பிறகு தள்ளி வைத்து, நெடுநேரம் பார்த்தாள். அப்பா பனியன் படத்தைப் புரட்டியபோது நின்ற மாதிரியே நான் நின்றேன்.

"கண்ணீரு உங்களுக்கு உள்ளதுல்லா. நீங்க அழுங்க" என்றாள் எட்வினிடம். "சிரிப்பு எனக்கு உள்ளது." பிறகு என்னைப் பார்த்தாள். "கொள்ளாம்."

நான் குதித்தேன். சும்மா சொல்லவில்லை, சிட்டவுட்டில் நிஜமாகவே குதித்தேன்.

அதோடு முடிந்திருக்கும், அம்மாவுக்கு வாய் சும்மா இருந்திருந்தால். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வருவதற்குள் வீட்டு வாசலில் கூட்டம். லீலா மாமி தலைக்குச் சாயம் போட்டு வந்திருந்தாள், காதோரமும் கொஞ்சம் கறுத்திருந்தது. தங்கையன் மாமா பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டா போடாமலா என்று எல்லோரிடமும் ஓட்டு வாங்கிக்கொண்டிருந்தார். உபதேசியார் அங்கியோடேயே வந்துவிட்டார். மாதம் ஒருமுறை கோட்டாற்றிலிருந்து சேலை வியாபாரத்துக்கு வரும் மீரான் சாயிபும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கடைசியில் நின்றார்.

"சாயிபே, உங்க ஆளுவ போஸ்டர் ஒட்டமாட்டாவளே?" என்றாள் அம்மா.

"ஒட்டமாட்டாவ. ஆனா எல்லாரும் சிரிச்ச மொவத்தோட நிக்கும்ப நான் மட்டும் சும்மா போவணுமா? உசுரோட இருக்கும்பப் பாக்குததுக்கு ஒண்ணு எடு மக்களே."

அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே முழி. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊருக்குக் கேமரா என்றால் அதிகாரிதான். என்ன செய்வதென்று நான் விழித்தபோது ஷெரின் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். பாவம், அவள் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: அவளுடைய ஊரில் படம் எடுக்கும்போது 'சீஸ்' சொல்லச் சொல்வார்கள், பாட்டியின் ஊரில் அதற்குப் பதில் வேறொரு சொல்.

அங்கியோடு விறைத்து உட்கார்ந்திருந்த உபதேசியாரைப் பார்த்து, தெளிவாக, சத்தமாக, தமிழில் சொன்னாள்.

"தாத்தா, எல்லாரும் சொல்லுங்க... சவம்!"

உபதேசியார் அடக்க ஆராதனைகளில் எத்தனை முறை அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றிருப்பார்! அவர் வாய் கோணியது. "சவ..." என்று தொடங்கினார், 'ம்' வரைக்கும் போக முடியவில்லை. அங்கியெல்லாம் குலுங்கியது. எடுத்தேன். லீலா மாமி சவம் என்றாள், எடுத்தேன். தங்கையன் மாமா சவம் என்றபோது பல்செட் பாதி வெளியே வந்தது, அதையும் எடுத்தேன். மீரான் சாயிபு மட்டும் சொல்லாமலேயே சிரித்தார். ஷெரின் வெயிலில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள். இடையில் என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி, என்னை நாற்காலியில் தள்ளி, "அம்மா, சவம்!" என்றாள். அவள் என்னை எடுத்த முதல் படம் அது. கணினியிடம் மட்டும் காட்ட முடியாது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து வந்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். சர்ச் வாசல் செருப்புக் குவியல். நான் எப்போதோ தொலைத்துவிட்டதாக நினைத்த படம்.

"இது யாருக்குள்ளதுண்ணு தெரியுதா?" ஓரத்தில் கிடந்த ஒரு ஜோடியைத் தொட்டாள். வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டிய செருப்பு. "உங்கப்பனுக்க செருப்பு. புதுசு வாங்க மாட்டேண்ணு அடம்பிடிச்சுட்டு போட்டுக்கிட்டு நடந்தது. அவர் ஆளு எங்கண்ணு கேட்டாரு. எனக்கு இதுலதான் அவரு இருக்காரு."

நான் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்தபோது அது அவருடையது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தேன். கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையாகவும் இருந்தது.

6

இங்கே வந்த பிறகும் பைத்தியம் தெளியவில்லை. வேலைக்குப் போகும் வழி, வரும் வழி, டீ இடைவேளை, எல்லாவற்றிலும் கேமரா தோளில் தொங்குகிறது. மூச்சை விடுங்கள் என்று சொன்னதும் நோயாளிகளின் முகத்தில் ஒரு தளர்வு வருகிறதே, அதை நான் இத்தனை நாள் பார்க்கவே இல்லை. அதற்குள் எக்ஸ்ரே எடுத்து முடித்துத் திரும்பியிருப்பேன். இப்போது நின்று பார்க்கிறேன். அம்மாவின் படத்தை நோராவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு "கிராண்ட்" என்றாள். அதன் அர்த்தம் எனக்கு இப்போது சரியாகத் தெரியும். போதும்.

ஷெரின் பஸ் தவறினால் சவம் என்கிறாள். பள்ளியில் அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேருக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. அயர்லாந்து நாக்கில் அது 'சாவம்' என்று கொஞ்சம் நீளுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால், டிவிக்கு மேலே, சட்டம் போட்ட அந்தப் படம். அடக்கத்துக்கு என்று எடுத்ததை அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இது எனக்க அடக்கத்துக்கு உள்ளது என்று காட்டுகிறாளாம். அவர்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்களாம்.

"ஏட்டி, அந்தப் படம் பழசாயிட்டு" என்றாள்.

"எம்மா, எடுத்து ரெண்டு மாசந்தான ஆச்சு?"

"கண்ணாடி மாத்தியாச்சுல்லா. முடியும் இன்னும் வெளுத்தாச்சு. தாசையா அண்ணனுக்குப் பழைய படத்த வெட்டிப் போட்டுத்தான ஆளு தெரியாமப் போச்சு? அடக்கப் படம்ணா அந்தந்த வருசத்துக்கு உள்ளதா இருக்கணும். கிறிஸ்மசுக்கு வந்து வேற எடு. அதுக்கு அடுத்த வருசமும் வந்து எடு. வருசா வருசம் எடுக்கணும், கேட்டியா?"

கேட்டேன். மனசிலாச்சு. இத்தனை வருடங்களில் என் அம்மா என்னிடம், உன்னைப் பார்க்கணும் வா என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. விடுப்பு இல்லை என்பேன், ஷெரினுக்குப் பரீட்சை என்பேன், சரி மக்கா என்று வைத்துவிடுவாள். இப்போதும் அதைச் சொல்லாமல் சொல்கிறாள். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஸ்டான்லி கத்தியை வைத்துவிட்டு, கை கழுவி, டிசம்பர் விமானங்களைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"வாறோம் எம்மா. மூணு பேரும் வாறோம். ஆனா அதுவரைக்கும் நீ..."

அம்மா திரும்பி டிவிக்கு மேலே பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு நெருக்கமாக வந்தாள். மேல்வரிசைப் பல் முழுதும் தெரிந்தது.

"புதுப் படம் எடுக்காம நான் எங்கட்டி போவப் போறேன்? போ, சவமே!"